கடைவீதியில் போனைப் பறித்துவிட்டால்: சிஎஸ்ஆர் ரசீதோடு வீடு திரும்ப வேண்டாம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் இருக்கும், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியும் யாராவது ஒருவர் கடை வாசலில் பையைத் துழாவிக்கொண்டு முகம் வெளுத்து நிற்பார். மதுரை மாசி வீதிகளிலும் கோவை ஒப்பணக்காரத் தெருவிலும் இதே கதைதான்.

அடுத்து நடப்பது அதைவிடக் கொடுமை. ஸ்டேஷனுக்குப் போனால், "எங்கே போச்சு? ரயில்வே படிக்கட்டிலா, தெருவிலா?" என்று கேட்பார்கள். படிக்கட்டு என்றால் ரயில்வே போலீஸ், தெரு என்றால் மாநகரப் போலீஸ். நெரிசலில் எந்த அடியில் போன் போனது என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் அலைந்து களைத்து, "போனால் போகட்டும்" என்று கடைசி ரயிலைப் பிடித்தவர்கள் ஏராளம்.

அந்த அலைச்சல் இப்போது தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். முதலில் பதிவு செய்துவிட்டு, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். எல்லைச் சிக்கல் போலீசுடையது, உங்களுடையது அல்ல. செங்கல்பட்டிலிருந்து வந்தவர் ஊர் திரும்பி, அங்கேயே புகார் கொடுத்தாலும் செல்லும். வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். ஆன்லைனிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும்.

நம் ஊர் ஸ்டேஷன்களில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் கையில் தருவது சிஎஸ்ஆர் ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்குப் பதிவானதாக அதற்குப் பொருள் இல்லை. எஃப்ஐஆர் போட்டால்தான் வழக்கு. அதன் நகலை உடனே, இலவசமாக, புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ரைட்டர் நீட்டும் தாளில் எஃப்ஐஆர் எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பதும் அவர்கள் கடமை.

எல்லாவற்றையும் விட முக்கியம், புகாரில் நீங்கள் எழுதும் ஒரு சொல். "போனைக் காணவில்லை" என்று எழுதினால் அது தொலைந்த பொருள், குற்றமே இல்லை. சான்றிதழ், ஆர்சி புக் தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பதிந்து சான்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அந்தச் சொல் சரி. "திருடிவிட்டார்கள்" என்றால் அது, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாக அதை வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் பழைய போன் பெரும்பாலும் இந்த விலைக்குள்தான் இருக்கும். அவருக்கு அதுதான் வங்கி, அதுதான் பிள்ளைகளோடு பேசும் ஒரே வழி. இந்த இடத்தில் சட்டம் ஏழைகளுக்குச் சாதகமாக இல்லை என்பதே என் எண்ணம்.

"கையிலிருந்து வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓடினான்" என்றால் கதை வேறு. அது 304-வது பிரிவு, பறிப்பு. நாடு முழுமைக்குமான தனிக் குற்றமாக இது முதன்முறையாக வந்தது இந்தச் சட்டத்தில்தான். 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், பொருளின் விலை என்ன என்ற கேள்வியே இல்லை. நடக்காததை எழுதச் சொல்லவில்லை. பறித்தது உண்மையானால் பறித்தான் என்றே எழுதுங்கள், "சும்மா மிஸ்ஸிங்னு எழுதிக் குடுங்க, அது போதும்" என்று யார் சொன்னாலும்.

ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில், முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க, டிஎஸ்பி அந்தஸ்துள்ள அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். பறிப்பும் இதில் அடங்கும். ஆகவே "14 நாள் பொறுங்கள்" என்று சொன்னால் அது சட்டப்படியே இருக்கக்கூடும். அனுமதி வாங்கியாயிற்றா என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

பதியவே மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். மாநகரங்களில் துணை ஆணையருக்கு. பதிவுத் தபாலாக அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை, வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவர்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

கூட்டத்தைச் சாக்கிட்டு ஒரு பெண்ணின் உடம்பில் கை வைத்த புகார் என்றால் அதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். பதிய மறுத்த அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு சொல்கிறது. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது 112.

போனைப் பறிகொடுத்தவர்கள் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. யாருடைய போனையாவது வாங்கி வங்கிக்குப் பேசி யுபிஐயை நிறுத்துங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். அதே எண்ணில் மாற்று சிம் எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சிஇஐஆர் பகுதிக்குப் போய், புகார் நகலையும், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் கொடுத்தால் அந்தப் போன் எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள். முடக்கினாலும் போலீஸ் அதைத் தேட முடியும். ஐஎம்இஐ தெரியாதே என்று அப்போது கைபிசைய வேண்டாம், இப்போதே *#06# போட்டுப் பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பக்கத்துக் கடையின் சிசிடிவியில் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறிவிடும் என்பதால், எந்தக் கடை எதிரே, எத்தனை மணிக்கு என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது.

போன் கிடைத்துவிட்டாலும் வழக்கு முடியும் வரை அது நீதிமன்ற அலமாரியில் கிடக்க வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவின்படி நீதிமன்றம் 14 நாளுக்குள் பொருளின் விவரக் குறிப்பைத் தயாரித்து, படம் எடுத்துவைத்துக்கொண்டு, அடுத்த 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். வாங்கிய பில்லை எடுத்துப்போய் அங்கே மனு கொடுங்கள்.