பிஆர் படிவத்தில் விட்ட பெயர், ஸ்பொன்சரில் வந்து மறிக்கும்

கனடாவுக்கு மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ கூப்பிட வேண்டுமென்று என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு காலம் எடுக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "நீங்கள் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) எடுக்கும்போது குடும்பத்தில் யார் யாரை எழுதினீர்கள்?" ஸ்பொன்சர், அதாவது குடும்பத்தவரைப் பொறுப்பேற்று அழைப்பது, சரிவருமா என்பது பல வேளைகளில் அந்தப் பழைய படிவத்திலேயே முடிவாகிவிடுகிறது.

கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு உண்டு. நீங்கள் பிஆர் பெற்றபோது உங்களுக்கு இருந்த துணையையோ, உங்களில் தங்கியிருந்த பிள்ளையையோ அறிவிக்காமல், அதனால் அவர் மருத்துவ, பின்னணிச் சோதனைகளுக்கு உட்படாமல் போயிருந்தால், பின்னாளில் அவரைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. ஏன் விட்டீர்கள் என்று அந்த விதி கேட்பதில்லை. மறதி, பயம், "ஏஜென்சிக்காரர்தான் நிரப்பினார்" எல்லாம் அதற்கு ஒன்றுதான். விண்ணப்பம் அனுப்பியதோடு கடமை முடிவதுமில்லை. பிஆர் கைக்கு வரும்வரை நடக்கும் கலியாணத்தையும் பிறக்கும் பிள்ளையையும் உடனே அறிவிக்க வேண்டும். முந்தைய துணையோடு வளரும், இப்போதைக்கு வரப்போகாத பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டுப்படுவது எழுத்தில், அதாவது திருமணப் பதிவில்தான். தகப்பன் ஸ்பொன்சர் செய்த மகன் விசாவுக்குக் காத்திருக்கிறான். 22 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளை என்ற தகுதியில்தான் அவன் பெயர் இருக்கிறது. இடையில் யாழ்ப்பாணத்தில் எழுத்து நடக்கிறது. தாலி கட்டவில்லை, பெண் தன் வீட்டில்தான் இருக்கிறாள், ஆகவே இன்னும் கலியாணம் முடியவில்லை என்று இரு வீட்டாரும் மனதார நம்புகிறார்கள். சட்டத்துக்குப் பதிவு நாளே திருமண நாள். அவன் தனியாள் என்று வந்து இறங்கி, பிறகு கோயிலில் தாலி கட்டி, மனைவிக்கு விண்ணப்பம் போடும்போது பதிவுச் சான்றிதழில் உள்ள திகதி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அந்த இடத்தில் மனைவியின் விசா மட்டும் பிரச்சினையல்ல. உண்மையை மறைத்ததற்குக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டுத் தடை வரலாம், அவனுடைய பிஆரே பறிபோகலாம். குடியுரிமை எடுத்திருந்தால் அதையும் திரும்பப் பெற முடியும். 2019 செப்டம்பரில் தொடங்கிய ஒரு சிறப்புக் கொள்கை, அகதிகளாக வந்தவர்கள் போன்ற சிலருக்கு விடுபட்ட குடும்பத்தவரைச் சேர்க்க வழி திறந்தது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தகுதி போயிருக்கும் என்ற நிலையில் உள்ளவருக்கு அது பொருந்தாது. இந்த மகனின் நிலை அதுதான். மிஞ்சுவது மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பம்; அது அதிகாரியின் விருப்புரிமை, உங்கள் உரிமையல்ல. இளம் தம்பதிகள் இப்படி ஆளுக்கொரு நாட்டில் வருடங்களைக் கழிப்பதைப் பார்க்க உண்மையிலேயே மனம் கனக்கிறது. எழுத்தைச் சில மாதம் தள்ளிப்போட்டிருந்தாலே போதும்.

பெற்றோரை அழைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கையெழுத்திடும் பொறுப்பேற்பு 20 ஆண்டுகளுக்கு, கியூபெக்கில் 10. துணைக்கு 3 ஆண்டு, விவாகரத்தானாலும் அது ரத்தாகாது. அந்தக் காலத்தில் அவர்கள் அரச சமூக உதவிப் பணம் எடுத்தால் கடன் உங்கள் தலையில். 2011இல் மாவி வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றமும் அரசு இதை வசூலிக்கலாம் என்றே தீர்ப்பளித்தது. கியூபெக் தவிர்ந்த இடங்களில் பெற்றோருக்கு மூன்று வருட வருமானத்தைக் காட்ட வேண்டும். அண்ணன் தம்பிகள் வருமானத்தைச் சேர்த்துக் காட்ட முடியாது, உங்கள் துணை மட்டுமே கூடக் கையெழுத்திடலாம். வருமானம் மட்டுமட்டு என்றால் சூப்பர் விசாவை, அதாவது பெற்றோருக்கான நீண்டகால வருகை விசாவை யோசியுங்கள். ஒரு வருகையில் 5 ஆண்டுவரை தங்கலாம், இந்த 20 ஆண்டுச் சுமையும் இல்லை.

ஸ்பொன்சருக்கு முன், தகவல் பெறும் சட்டத்தின்கீழ் உங்கள் பழைய குடிவரவுக் கோப்பின் பிரதியை எடுங்கள். திருமணத் திகதி, பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் இப்போது எழுதப்போவதோடு ஒப்பிடுங்கள். முரண் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பாமல், அந்தக் கோப்போடு ஒரு சட்டத்தரணியிடமோ உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ போங்கள். அனுப்பிய பிறகு வந்தால், குடிவரவுத் திணைக்களம் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட ஒன்றுக்கு விளக்கம் எழுதுவதே எங்கள் வேலையாகிவிடும்.