அமோனியா மறைந்தது சரி, எதுவாக மாறியது?

புகைபோக்கியில் அமோனியா அளவு பூஜ்யத்துக்கு இறங்கிய அன்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் நிம்மதி. கண்ணை எரித்த நெடி நின்றது, அமோனியாவை நைட்ரஜனாக மாற்ற வைத்த வினையூக்கி வேலை செய்கிறது என்று நானும் நம்பினேன். சில நாள் கழித்து அகச்சிவப்புப் பகுப்பாய்வுக் கருவியில் அதே வாயுவைச் செலுத்திப் பார்த்தோம். அமோனியாவின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வெளியே போய்க்கொண்டிருந்தது. நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டையும் சேர்த்து 'நாக்ஸ்' என்பார்கள்; அவற்றை அளக்கும் வழக்கமான நாக்ஸ் மானி நைட்ரஸ் ஆக்சைடைக் காட்டாது. மூக்கையும் அது உறுத்தாது. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, ஏறத்தாழ 273 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

நமக்கு வேண்டிய வினை எளியது. 4 அமோனியா மூலக்கூறுகளும் 3 ஆக்சிஜன் மூலக்கூறுகளும் சேர்ந்தால் 2 நைட்ரஜன், 6 நீர். ஆக்சிஜனேற்றம் அந்த இடத்தில் நிற்காமல் போனால்தான் சிக்கல். நைட்ரிக் அமில ஆலைகளில் பிளாட்டினம்-ரோடியம் வலையைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் வைத்து, அமோனியாவிலிருந்து வேண்டுமென்றே நைட்ரிக் ஆக்சைடு எடுக்கிறார்கள். அதே பிளாட்டினம் 200, 250 டிகிரியிலேயே அமோனியாவை எரிக்கத் தொடங்கிவிடும்; அந்த வெப்பநிலையில் நைட்ரஸ் ஆக்சைடும் கூடவே வரும். செம்பேற்றிய சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) நைட்ரஜனை நன்றாகத் தரும், ஆனால் அதற்குக் கூடுதல் சூடு வேண்டும்.

டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. அடியில் பிளாட்டினம் ஏற்றிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), மேலே செம்பு சியோலைட் என்று இரண்டு அடுக்கு. அடியில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு வெளியேறும் வழியில் மேலடுக்கைக் கடந்தாக வேண்டும். அங்கே இருக்கும் அமோனியாவோடு வினைபுரிந்து நைட்ரஜனாகிவிடும். நான் பார்த்த வடிவமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வினையூக்கி வாங்குபவர்கள் 'அமோனியா எத்தனை சதவீதம் குறையும்' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நைட்ரஜன் கணக்கையும் கேளுங்கள். உள்ளே போன அமோனியாவில் எவ்வளவு நைட்ரஸ் ஆக்சைடாக, எவ்வளவு நாக்ஸாக வருகிறது? அதுவும் உலர்ந்த சோதனை வாயுவில் எடுத்த எண் போதாது. உங்கள் புகையில் இருக்கும் நீராவியோடும் கந்தக டை ஆக்சைடோடும் சோதித்த எண் வேண்டும், ஏனென்றால் கந்தகம் செம்பின் மேல் சல்ஃபேட்டாகப் படிந்து அதை மந்தமாக்கும். உலை சூடேறும் நேரத்திலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.