ஏடு ஏடாக உரியும் நகம்

நகம் உடைவதும் நகம் உரிவதும் ஒன்றல்ல. கதவிடுக்கில் மாட்டி உடைந்தால் அது விபத்து. எதிலும் இடிபடாமலே நுனி மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து, புடவையிலும் தலைமுடியிலும் சிக்கி இழுக்கிறதே, அந்தத் தொந்தரவு வேறு வகை. ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு இது உண்டு என்பது தோல் மருத்துவர்களின் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு அதிகம். காரணம் கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான் வரும்: கால்சியம் குறைச்சல். பெரும்பாலும் அது தவறு. காரணம் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் இருக்கிறது.

நகத்தின் அடிப்பகுதியில் வெள்ளையாக ஒரு பிறை தெரியும், கட்டைவிரலில் நன்றாகவே தெரியும். நகவேரின் முன்பகுதி அது. மிச்ச வேர் தோலுக்குள் மறைந்திருக்கிறது. உயிருள்ள செல்கள் பெருகுவது அங்கேதான். பெருகிய செல்கள் தமக்குள் கெரட்டின் என்னும் புரதத்தை நிரப்பிக்கொண்டு, தட்டையாகி, இறந்து, முன்னால் தள்ளப்படுகின்றன. நாம் வெட்டுவதும் கடிப்பதும் பாலிஷ் போடுவதும் இந்த இறந்த செல்களின் அடுக்கைத்தான். வெட்டும்போது வலிக்காததற்கு இதுவே காரணம். உரிந்த நுனி ஒருபோதும் ஆறாததற்கும் இதுவே காரணம். தோலில் கீறல் விழுந்தால் கீழிருந்து புதுச் செல் வந்து மூடும். நக நுனியில் மூடுவதற்கு உயிரே இல்லை. 'நகத்துக்கு ஊட்டம் தரும்' என்று குப்பியில் எழுதி விற்கும் எதையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

விரல் நகத்தின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதற்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. வேரின் பின்கோடியில் பிறக்கும் செல்கள் மேலடுக்காகவும், பிறைக்குப் பக்கத்தில் பிறப்பவை கீழடுக்காகவும் வந்து சேர்கின்றன. இடையில் இருக்கும் அடுக்குதான் எல்லாவற்றிலும் தடிமன். அதிலுள்ள கெரட்டின் இழைகள் விரலின் நீளத்துக்கு இல்லாமல் குறுக்காக ஓடுகின்றன. இதில் ஒரு வசதி உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் எனோஸும் சக ஆய்வாளர்களும் நகத்துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, அதற்கு ஆகும் ஆற்றலை அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். நீளவாக்கில் வெட்டுவதற்குக் குறுக்குவாக்கைவிட இரண்டு மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. அதனால் நுனியில் விழும் கிழிசல் நகக்கண்ணை நோக்கி ஏறாமல் பக்கவாட்டில் திரும்பி ஓடிவிடுகிறது. பல்லால் நகத்தைக் கிழிப்பவர்கள் விரல் தப்பி வாழ்வது இந்த ஏற்பாட்டின் தயவால்தான்.

ஆனால் குறுக்கிழைகள் கிழிசலை மட்டுமே திசை திருப்பும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வருவதை அவை தடுப்பதில்லை. குளியலறைக்கு ப்ளைவுட் கதவு போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கதவின் கீழ் விளிம்பு தண்ணீர் பட்டு உப்பும், காயும், மறுபடி உப்பும். ஒரு கட்டத்தில் பசை விட்டுப்போய் தகடு தகடாகப் பிரியும். நகத்திலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான்.

இத்தனை கெட்டியான நகத்துக்குள் தண்ணீர் எப்படிப் போகும் என்று தோன்றலாம். தோலைவிட நகத்தின் வழியாகத்தான் தண்ணீர் பல மடங்கு சுலபமாக உள்ளே போய் வெளியே வருகிறது. தோலில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது செல்களுக்கு இடையில் உள்ள கொழுப்பு. நகத்தில் அந்தக் கொழுப்பு மிகக் குறைவு. குளித்து முடித்ததும் நகம் வளைந்து கொடுக்கிறதல்லவா, அது உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதன் அடையாளம். புகுந்த நீர் இழைகளைத் தள்ளி விலக்கி நகத்தை உப்ப வைக்கிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. எல்லா அடுக்குகளும் ஒரே அளவு உப்பிச் சுருங்குவதில்லை என்பதால் அவற்றுக்கு இடையே இழுபறி நடக்கிறது. ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை, மாதக்கணக்கில் என்றால் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒட்டு தளர்ந்துவிடும். வெட்டியெடுத்த நகத்துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஊறவைத்தும் உலர்த்தியும் பார்த்த சோதனைகளில் இதே உரிதல் சில வாரங்களில் வந்துவிட்டது.

நகம் உலர்ந்துபோவதால் உடைகிறது என்றுதான் வெகுகாலம் நம்பப்பட்டது. பிறகு, உடையும் நகங்களையும் நல்ல நகங்களையும் எடுத்து ஈரப்பதத்தை அளந்தபோது சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதே முக்கியம். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் மருந்து எல்லாம் இதில் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலையைச் செய்கின்றன. இருக்கிற கொஞ்சக் கொழுப்பையும் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால் அடுத்த தடவை தண்ணீர் இன்னும் சுலபமாக நுழையும். பெண்களுக்கு ஏன் அதிகம் என்பதில் பெரிய மர்மம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பாத்திரம் யார் தேய்க்கிறார்கள், துணி யார் அலசுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். செவிலியர், சலூன்காரர், ஓட்டலில் தட்டு கழுவுபவர் ஆகியோரின் நகங்களும் இப்படித்தான் ஆகின்றன, அவர்கள் ஆணோ பெண்ணோ.

சரி, ஏன் நுனி மட்டும்? நகத்தில் வயதான இடம் அதுதான். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. மருதாணி வைத்தவர்களுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. மருதாணியின் சாயம் கெரட்டினோடு வேதிவினை புரிந்து பிணைந்துவிடுகிறது; உள்ளங்கைச் சிவப்பு மங்கிய பிறகும் நகத்துச் சிவப்பு போகாது, நகத்தோடு சேர்ந்து நகர்ந்து கடைசியில் நகவெட்டிக்குத்தான் போகும். அடியிலிருந்து நுனிக்கு வர அரை வருடம் பிடிக்கும். ஆக இன்று உரிகிற நுனி ஆறு மாதக் கழுவலையும் தேய்ப்பையும் தாங்கி வந்த நுனி.

இந்த வேகத்தை அளப்பதில் யாரும் மிஞ்ச முடியாத பொறுமைசாலி வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர். தன் கட்டைவிரல் நகத்தின் அடியில் கோடு கீறிவிட்டு, அது நுனிக்கு வரும்வரை குறித்துக்கொண்டே இருப்பார். 35 ஆண்டுகள் இப்படிச் செய்து 1980-ல் முடிவுகளை வெளியிட்டார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. வயதானவர்களின் நகம் அதிகமாகச் சிதைவதற்கு இது ஒரு காரணம்: புதுச்சரக்கு மெதுவாக வருகிறது, பழையது அதிக நாள் அடிபடுகிறது. எந்த வைத்தியத்துக்கும் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பதினைந்தே நாளில் உறுதியான நகம் என்று யார் சொன்னாலும் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் ரப்பர் கையுறை, உள்ளே வியர்க்குமென்பதால் அதற்கடியில் பருத்திக் கையுறை. நம் ஊர் வெக்கையில் இதை யார் மாட்டிக்கொண்டு நிற்பது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். குறைந்தது எல்லாப் பாத்திரத்தையும் சேர்த்து வைத்து ஒரே தடவையில் தேய்க்கலாம். நனைந்து காயும் எண்ணிக்கையாவது குறையும். கை கழுவித் துடைத்த கையோடு, நகத்தில் லேசான ஈரம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ நகத்திலும் சுற்றியுள்ள தோலிலும் தடவ வேண்டும். விலையுயர்ந்த நக எண்ணெய்தான் வேண்டுமென்பதில்லை. எண்ணெயின் வேலை ஊட்டம் தருவதல்ல, தண்ணீர் ஏறி இறங்குவதைத் தாமதப்படுத்துவது. குளித்த பிறகு நகம் வெட்டுங்கள். காய்ந்த நகத்தை வெட்டினால் நகவெட்டியே விரிசலைத் தொடங்கி வைக்கும். பிரிந்த ஏட்டைப் பிய்த்து எடுக்காதீர்கள், நல்ல பகுதியும் சேர்ந்து வரும். மெல்லிய அரத்தால் ஒரே திசையில் ராவிவிட்டால் போதும்.

நெயில் பாலிஷ் கெடுதல் என்பது பாதி உண்மை. பூச்சு இருக்கும்வரை நீரின் போக்குவரத்தை அது குறைக்கத்தான் செய்கிறது. கேடு செய்வது அதை அழிக்கும் அசிட்டோன். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ரிமூவர் வேண்டாம். ஃபார்மால்டிஹைடு கலந்த 'ஹார்டனர்' வகைகள் புரத இழைகளை இன்னும் இறுகப் பிணைத்து முதலில் கெட்டியாக்கும்; தொடர்ந்து பூசினால் வளையவே தெரியாத நகமாகி முன்பைவிடச் சீக்கிரம் முறியும்.

இனி கால்சியம். நகத்தில் கால்சியத்தின் எடை சுமார் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். உறுதி வருவது கெரட்டினுக்குள் கந்தக அணுக்கள் போடும் பிணைப்புகளால். பறக்கும் கொக்குகளிடம் சிறுபிள்ளைகள் பூப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கும் வெள்ளைப் புள்ளிகளும் கால்சியக் குறைவால் வருவதில்லை. வேரில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தழும்புகள் அவை. அடுத்தது பி வைட்டமின்களில் ஒன்றான பயோட்டின் மாத்திரை. குதிரை, பன்றிக் குளம்புகளில் பலன் கண்ட பிறகு, 1980-களின் இறுதியில் மனிதர்களுக்கு நாளுக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு நகம் தடித்தது. ஆனால் அந்த ஆய்வுகள் சிறியவை, போலி மாத்திரையோடு ஒப்பிடாதவை. ஒருவருக்கு அன்றாடம் தேவைப்படுவதோ வெறும் 30 மைக்ரோகிராம், அதுவும் சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

உடம்புக்குள்ளே கோளாறு இருக்கிறதா என்று அறிய எளிய வழி, கால் நகங்களைப் பார்ப்பது. கை நகம் உரிந்து, கால் நகம் நன்றாக இருந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறது, பெரும்பாலும் தண்ணீரும் சோப்பும்தான். இரண்டுமே கெட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்பு மிகவும் குறைந்தால் நகம் மெலிந்து, நடுவில் குழிந்து, கரண்டிபோல் ஆகிவிடும். அடுத்து தைராய்டு. ஒரே ஒரு நகம் மட்டும் தடித்து மஞ்சளாகிப் பொடிந்தால் அது நகச்சொத்தையாக, அதாவது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; எண்ணெய்க்கு அது கேட்காது. ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு புதிதாக விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயோட்டின் சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில பரிசோதனைகளின் அளவையே மாற்றிக் காட்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனை அதில் ஒன்று. தைராய்டு சோதனையும் இதே மாத்திரையால் தவறாகக் காட்டக்கூடும்.