எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் லைன் லீடர் ஆகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் மேலே வருகிறார்கள். பல வருஷம் ஆபரேட்டராக நல்ல பெயர், மெஷின் அத்துப்படி, லீவு குறைவு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) என்றால் முகம் சுளிக்காதவர். ஒருநாள் சட்டை நிறம் மாறுகிறது, சம்பளம் கொஞ்சம் கூடுகிறது, கீழே இருபது பேர் வந்துவிடுகிறார்கள். நேற்று வரை கெண்டீனில் ஒரே மேசையில் பசியாறியவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டும். எப்படி வாங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் விஷயம் முற்றிய பிறகுதான் வருகிறது. "இந்த ஆள வச்சு வேலை வாங்க முடியாது மேடம், ஒரு லெட்டர் குடுத்துருங்க." அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், "எத்தனையோ தடவை சொல்லியாச்சு" என்பார்கள். என்ன சொன்னீர்கள்? "ஒழுங்கா இருங்கன்னு சொன்னேன்." ஒழுங்காக இருப்பது என்றால் நாளைக் காலையில் வந்து எதைச் செய்வது, எதை விடுவது? கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. என்னிடம் வரும் பெரும்பாலான கேஸ்களில், ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பேச்சு நடக்கவே இல்லை.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? லீடருக்கு முப்பது வயது, ஆபரேட்டருக்கு ஐம்பதை நெருங்குகிறது என்று வையுங்கள்.

"அண்ணே, வாங்க, அஞ்சு நிமிஷம் அங்கிட்டு நின்னு பேசுவோம். திங்கக்கிழமையும் புதன்கிழமையும் நீங்க வர்றப்போ ஏழே கால். ஏழு மணிக்கு ஷிப்ட் மாத்தணும். உங்களுக்காக நின்னதுல நைட் ஷிப்ட் ஆளு ரெண்டு நாளும் பஸ்ஸ விட்டுட்டாரு. என்னண்ணே ஆச்சு?"

இதில் நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, யாருக்கு என்ன பாதிப்பு என்பதும் இருக்கிறது. "நீங்க எப்பவுமே லேட்டு" என்பது இல்லை. கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம். பதில் வருவதற்குள் நாமே நான்கு காரணத்தை அடுக்கி, அவற்றுக்கு நாமே கோபப்பட்டும் விடுவோம். பொறுத்திருந்தால், சுங்கை பட்டாணியிலிருந்து வரும் கம்பெனி பஸ் இப்போது வேறு ஃபேக்டரியில் முதலில் ஆள் இறக்குகிறது என்று அண்ணன் சொல்லக்கூடும். அப்படியானால் டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும், கடிதம் எதற்கு? "தூங்கிட்டேன் தம்பி" என்பதுதான் பதில் என்றால், "நாளையிலேருந்து ஆறு அம்பத்தஞ்சுக்கு நீங்க மெஷின்கிட்ட நிக்கணும்ணே. அடுத்த வெள்ளிக்கிழமை நாம திரும்பப் பேசுவோம்" என்று முடிக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை மறக்காமல் பேசவும் வேண்டும். நேரத்துக்கு வந்திருந்தால் அதையும் வாய் திறந்து சொல்லுங்கள்.

பதவி வந்ததும் 'அண்ணே'யை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பவர்கள் உண்டு. அதனால் அதிகாரம் கூடி நான் பார்த்ததில்லை. லைன் மொத்தமும் பகையானதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. மலாய்க்கார, நேப்பாளி ஆபரேட்டர்களிடம் மலாயில் தணிந்து பேசும் நம் லீடர், தமிழ் ஆளிடம் மட்டும் எல்லார் முன்னாலும் தமிழில் கத்துகிறார். நம்ம ஆள்தானே என்ற உரிமை! அதே உரிமையில் ஓ.டி.யையும் நம்ம ஆளுக்கே ஒதுக்குகிறவரும் இருக்கிறார். முதலாமவர் மேல் புகார் சீக்கிரம் வரும். இரண்டாமவர் மேல் வர நாளாகும், ஆனால் வரும்போது கையெழுத்துகளோடு வரும்.

லீடர்கள் அசட்டையாக விடும் இன்னொரு இடம் வாட்ஸ்அப். முன் அனுமதியில்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். ஆனால் தகுந்த காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ முடிந்த அளவு சீக்கிரமோ தெரிவித்திருந்தால், தெரிவிக்க முயன்றிருந்தால்கூட, அந்த விதி அவர்மேல் பாயாது. எம்.சி. (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு) எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லவோ சொல்ல முயலவோ வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆபரேட்டர் அந்தத் தகவலை யாருக்கு அனுப்புவார்? உங்களுக்குத்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்காமல் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் "ஆள் காணோம்" என்று எங்களுக்கு எழுதினால், பிறகு பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. தகவல் வந்த அன்றே எச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள்.

பேசியதை எழுதி வைப்பதும் உங்கள் வேலைதான். தேதி, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்: மூன்று வரி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினால்கூடப் போதும். ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் முறையான விசாரணை நடக்க வேண்டும். உள்விசாரணையில் உட்காரும் குழு "எந்தத் தேதி, யார் பார்த்தது, முன்பு என்ன சொல்லப்பட்டது" என்றுதான் கேட்கும். "அவர் எப்பவும் அப்படித்தான்" என்ற பதில் அங்கே செல்லாது. நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனுப் போடலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் விஷயம் தொழில்துறை நீதிமன்றம் வரை போகலாம். அதற்குள் லீடர் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார். அவர் எழுதி வைத்தது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கும், எழுதியிருந்தால்.

இதையெல்லாம் பழக்கக் கம்பெனியிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பயிற்சி வரி பொருந்தும் துறைகளில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளரை வைத்திருப்பவர்கள் மாதச் சம்பளத்தில் 1 சதவீதத்தை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குக் கட்டுகிறார்கள், பயிற்சிக்காகவே அந்தப் பணம். அது செலவாகும் விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. ஹோட்டலில் இரண்டு நாள், நிறைய ஸ்லைடு, ஒரு பலூன் விளையாட்டு, கடைசியில் குரூப் போட்டோ. பதிவு செய்வதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு லீடரும் தன் லைனில் இப்போது இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, எதிரில் ஆளை உட்கார வைத்து, எத்தனை தடவை பேசிப் பழகுவார்? "நேரம் இருந்தா கடைசியில செய்யலாம்" என்று பதில் வந்தால் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள்.