ஓடுகிற மெசினுக்கு என்ன சேர்விஸ்?

"ஓடுதுதானே அண்ணை, பிறகு பார்ப்பம்." கராஜில் நான் அடிக்கடி கேட்கிற வசனம் இது. எந்தக் கொம்பனி செய்தாலும் நாங்கள் பொப்கட் என்றே கூப்பிடுகிற, மண் அள்ளும் சின்ன லோடர்களின் சொந்தக்காரர்கள்தான் சொல்வார்கள்.

கோப்பாய்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் பக்கற் ஆடுகிறது என்று மெசினைக் கொண்டுவந்தார். பக்கற்றைத் தூக்குகிற கையோடு பூட்டியிருக்கும் இரும்பு அச்சை, அதாவது பின்னை அடித்துக் கழற்றினால் பொட்டுக் கிறீஸ் இல்லை. அதைச் சுற்றியிருக்கிற வளையமான புஷ் தேய்ந்து முடிந்து, அந்தப் பின்னே கையின் இரும்பை அரைத்திருந்தது. வட்டத் துளை முட்டை வடிவாகிவிட்டது. பின்னும் புஷ்ஷும் தேய்வதற்கென்றே போட்டவை, கை அப்படியில்லை. புஷ் மட்டும் மாற்றினால் ஒரு நாள் வேலை. இப்போது துளையை வெல்ட் பண்ணி நிரப்பி, திரும்பக் கடைய வேண்டும். அப்புறம் பஞ்சிகாவத்தையில் சாமான் தேடி, அது கொழும்பிலிருந்து பஸ் ஏறி வரும்வரை மெசின் நிற்கும். தம்பி மிச்சம் பிடித்தது சில கிறீஸ் டின்களைத்தான்.

பெரும்பாலான மொடல்களுக்கு 8 முதல் 10 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கால் கிறீஸ் அடிக்கச் சொல்கிறார்கள். அதாவது தினமும். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே தள்ளி வரும்வரை அடியுங்கள். கிறீஸ் உள்ளே போகிற நிப்பிள் அடைத்திருந்தால் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அதை மாற்றுங்கள். காங்கேசன்துறை, பருத்தித்துறைக் கரையோரம் வேலையென்றால் காலையில் அல்ல, மாலையில் அடிப்பது நல்லது. உப்புத் தண்ணியும் மணலும் இரவு முழுக்கப் பின்னுக்குள் இருக்காது.

நம்மூரில் அதிகம் கவனிக்காத எதிரி கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே படிவு ரேடியேற்றருக்குள்ளும் விழும். பிறகு எஞ்சின் சூடேறுகிறது என்று தேர்மோஸ்டாற்றை மாற்றுவோம், பெல்ட்டை மாற்றுவோம். கூலன்ட் கலப்பதற்கு வடித்த தண்ணீர், பற்றரிக்கு விடுகிறோமே அதையே வாங்குங்கள்.

சோளகக் காலத்தில் செம்மண் தூசு சும்மா விடாது. வெளி எயார் பில்டரை ரயரில் அடித்துத் தட்டுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. அதில் விளிம்பு நெளிந்து தூசுக்கு வழி விடும். உள்ளே இருக்கிற சின்ன பில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ரயர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பொப்கட்டின் சில்லு காரில் போல இடம் வலமாகத் திரும்பாது. ஒரு பக்கச் சில்லுகள் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் ஓட, இழுபட்டுத்தான் மெசின் திரும்புகிறது. சுண்ணக்கல் சல்லியிலோ கொங்கிறீற்றிலோ நின்ற இடத்தில் சுற்றினால் ரயரைச் சீவிக் கொடுப்பது மாதிரி. முன்னுக்கு இரண்டு மட்டும் புதிது போடுவதும் பிழை. அநேக மெசின்களில் ஒரே பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் செயினால் ஒரே வேகத்தில் சுற்றுபவை. உயரம் வித்தியாசப்பட்டால் செயின் அடி வாங்கும்.

பக்கற்றின் வாயில் போல்ற் போட்டுப் பூட்டியிருக்கிற கட்டிங் எட்ஜ் பலவற்றை, ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் பூட்டலாம். இது தெரியாமல் பக்கற்றின் தகடு வரை தேய விடுகிறவர்கள் உண்டு.

எஞ்சின் ஒயில் மாற்றுவது பல மொடல்களுக்கு 250 மணித்தியாலத்துக்கு ஒருக்கால், கையைத் தூக்குகிற ஹைட்ரோலிக் ஒயிலின் பில்டர் 500 அளவில். சரியான கணக்கு உங்கள் மெசினின் புத்தகத்தில் இருக்கும். யப்பானிலிருந்து வந்த றீகண்டிஷன் மெசின் என்றால் மீற்றரை நம்பாதீர்கள். வாங்கிய அன்றே எல்லா ஒயிலையும் பில்டரையும் மாற்றி, அன்றிலிருந்து எண்ணுங்கள்.

இன்னொன்று. தூக்கிய கைக்குக் கீழே வேலை செய்ய முன் அதன் பூட்டைப் போடுங்கள். ஹோஸ் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு காட்போட் மட்டைத் துண்டைப் பிடியுங்கள். 200 பார் அழுத்தத்தில் ஊசித் துளையால் பாய்கிற ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. அப்படி நடந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே போனது ஹைட்ரோலிக் ஒயில் என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.