பீரங்கித் துளையில் ஒரு கட்டைவிரல்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்த வாசகர் கேட்கிறார்: "ஒருவர் முன்னால் நின்று பீரங்கிக் குழாயைத் துடைக்கும்போது, இன்னொருவர் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்கிறாரே, எதற்கு?"

கூர்மையான கண்! அந்தப் போரில் நிறையப் புழங்கிய 1857 மாடல் நெப்போலியன் பீரங்கியையே எடுத்துக்கொள்வோம். வெண்கலக் குழாய், உள்விட்டம் 4.62 அங்குலம், ஒரு முறை சுட 2.5 பவுண்டு கருமருந்து, அதாவது பழைய வகை வெடிமருந்து. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். மருந்து கட்டிய கம்பளிப் பையின் துணுக்கும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். அதன்மேல் அடுத்த பையைத் திணித்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேண்டும்?

துணுக்கை மாட்டி இழுக்க, கோல் நுனியில் சுருண்ட இரட்டைக் கம்பி. கனலை அணைக்க, ஈர ஆட்டுத்தோல் சுற்றிய துடைப்பான். அதே கோலின் மறுமுனைதான் மருந்தைத் திணிக்கும் கட்டை. சரி, இதெல்லாம் எளிது. எனக்குப் பிடித்தது அந்தக் கட்டைவிரல்தான்.

குழாயின் பின்பகுதியில், மேலே 0.2 அங்குலத் துளை ஒன்று உண்டு. நெருப்பு உள்ளே இறங்கும் வழி. ஊசி மாட்டாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, முனையை விரலால் பொத்திக்கொண்டு தண்டை இழுத்துப் பாருங்கள். அடம்பிடிக்கும். விரலை எடுங்கள், காற்று சர்ரென்று உள்ளே பாயும். பீரங்கியில் துடைப்பான்தான் தண்டு, துளைதான் முனை. திறந்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் புதுக்காற்று கனல்மேல் போய் விழும், கொல்லன் துருத்தியேதான். மருந்தைத் திணிக்கும்போதும் விரல் அசையக்கூடாது. அசைந்தால் போவது பெரும்பாலும் விரல்காரர் கையல்ல, முன்னால் கோல் பிடித்திருப்பவர் கை!

சூடு? குதிரைமயிர் அடைத்த மான்தோல் உறை ஒன்றைக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார்கள். 1863 ஜூலை 3 அன்று அதே போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் நடந்ததுபோல மணிக்கணக்கில் சுட்டால் அந்த உறை என்ன பாடுபட்டிருக்கும்! நான் பார்த்த கோட்டைகளில் இப்படி உறையோ கோலோ இல்லை, பீரங்கிக் குழாய்கள் மட்டும்தான் வெயிலில் கிடக்கின்றன. தோலும் மரமும் மக்கிப்போகும், பாதுகாக்கக் காசு வேண்டும். குழாய்க்குப் பெயின்ட் அடித்தால் போதும் அல்லவா?

அப்புறம், துளை வழியாக ஒரு கம்பியைக் குத்தி மருந்துப் பையைக் கிழிப்பார்கள். உரசினால் பற்றும் சிறு குழலை அந்தத் துளையில் செருகி, குழலில் மாட்டிய கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள். குழலுக்குள் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். நம் தீக்குச்சித் தலையில் இருப்பதும் அதுதான்.

பீரங்கியைப் போட்டுவிட்டு ஓட வேண்டி வந்தால், அதே துளையில் ஓர் ஆணியை அடித்து இறக்கிவிட்டுப் போவார்கள். கைப்பற்றிய எதிரியால் உடனே சுட முடியாது.