டிஸ்லிபிடிமியா: 'கொழுப்பு அதிகம்' என்று சொன்னால் போதுமா?

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி என்னும் ஹார்மோன் கோளாறு) உள்ள பெண்களின் மருத்துவக் கோப்பில் அடிக்கடி தட்டுப்படும் சொல் டிஸ்லிபிடிமியா. தமிழில் "கொலஸ்ட்ரால் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது பாதிதான் சரி. சிலருக்குப் பாதிகூட இல்லை.

சொல்லைப் பிரித்தால் எல்லாமே கிரேக்கம். கடைசியில் நிற்கும் 'ஈமியா', இரத்தத்தைக் குறிக்கும் 'ஹைமா'விலிருந்து வந்தது. அனீமியா, லுக்கீமியா இரண்டிலும் இருப்பது இதுவே. நடுவில் உள்ள லிப்பிட்டுக்கு வேர் 'லிபோஸ்', அதாவது கொழுப்பு. வேர் பழையது என்றாலும் லிப்பிட் என்ற சொல் பிரெஞ்சு அறிவியலாளர் கேப்ரியல் பெர்த்ரான் 1923-இல் உருவாக்கியதுதான். முன்னால் வரும் 'டிஸ்' என்றால் கோளாறான, சீர் குலைந்த என்று பொருள். டிஸ்லெக்சியாவில் வரும் அதே டிஸ். 'அதிகம்' என்ற பொருள் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? அதற்கு ஹைப்பர்லிபிடிமியா என்று தனிச் சொல் இருக்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது இரத்தக் கொழுப்புகளை அளக்கும் ஒரு லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரியும். எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 178, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 190, எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் துகள்கள்) 36, எல்.டி.எல். ('கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் துகள்கள்) 104; எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். முதல் எண் 200-க்குக் கீழே இருப்பதால் வீட்டில் எல்லோரும் "நார்மல்தான்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு எச்.டி.எல். 50-க்குக் குறையக் கூடாது. ஒன்று ஏறியிருக்கிறது, இன்னொன்று இறங்கியிருக்கிறது. கூட்டுத்தொகை மட்டும் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. பி.சி.ஓ.எஸ்.-இல் அதிகம் காணப்படுவது இந்த அமைப்புதான். (அந்த 104-ஐப் பல ஆய்வகங்கள் அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கின்றன: 178-இல் 36-ஐயும், 190-இல் ஐந்தில் ஒரு பங்கான 38-ஐயும் கழித்தால் வருவது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது.)

காரணத்தின் பெரும்பகுதி இன்சுலினில் இருக்கிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாக மசிவதில்லை. அதனால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கூடுதலாகக் கசிகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. இந்தச் சரக்கில் ஒரு பங்கு எச்.டி.எல். துகள்களிலும் ஏறிவிடுவதால் அவை சீக்கிரம் அழிகின்றன. எல்.டி.எல். துகள்களோ அளவில் சிறுத்து, அடர்த்தியாகி, இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதாக நுழைகின்றன. ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்களின் மிகுதியும் இந்தக் கோளாறில் சேர்ந்துகொள்கிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். 2023-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், பி.சி.ஓ.எஸ். கண்டறியப்பட்டதும் வயது, எடை பார்க்காமல் எல்லோருக்கும் லிப்பிட் பரிசோதனை செய்யச் சொல்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கொழுப்பு என்ற சொல்லில் ஒரு சங்கடம்: "உனக்குக் கொழுப்பு" என்றால் திமிர் என்று பொருள். இருந்தாலும் இடம் பார்த்து அர்த்தம் பிரித்துக்கொள்ளத் தமிழர்களுக்குத் தெரியும். பழந்தமிழ் 'நிணம்' அழகான சொல், ஆனால் நிணநீர் என்று வேறு வேலைக்குப் போய்விட்டது. லிப்பிட்டுக்கு அறிவியல் எழுத்தில் 'கொழுமியம்' என்ற சொல் உண்டு. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு எல்லாம் அதற்குள் அடங்கும்.

'டிஸ்'ஸுக்குச் சீர்கேடு என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். பொருள் தவறில்லை, ஆனால் சுகாதாரச் சீர்கேடு என்று சாக்கடைச் செய்திகளில் படித்துப் படித்து அந்தச் சொல்லில் நாற்றம் ஏறிவிட்டது. 'மிகை' என்றால் ஹைப்பர் ஆகிவிடும். 'பிறழ்வு' கூடுதலையும் சொல்லாமல் குறைவையும் சொல்லாமல், தடம் மாறியதை மட்டும் சொல்கிறது. என் தேர்வு அதுதான். பாடநூலில் 'இரத்தக் கொழுமியப் பிறழ்வு' என்று எழுதலாம். நோயாளியிடம் பேசும்போது 'இரத்தக் கொழுப்புப் பிறழ்வு' என்று சொல்லிவிட்டு, எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று எண்ணைக் காட்டினால் புரிந்துவிடும்.